நடுப்புள்ளியும் தொலைவும்: சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமலே போடலாம்

புள்ளிகளை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை வடிவியலில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் குழம்புவது ஒரே இடத்தில்தான்: எதில் கூட்ட வேண்டும், எதில் கழிக்க வேண்டும்? கட்டம் போட்ட தாளில் ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும், அதனால் பென்சிலும் தாளுமாக உட்காருங்கள்.

அ(−3, 5), ஆ(5, −1) என்ற இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். அடைப்புக்குள் முதலில் இருப்பது எக்ஸ் (கிடையாக எண்ணுவது), அடுத்தது ஒய் (செங்குத்தாக எண்ணுவது). தவறு நடப்பதே குறை எண்களில்தான் என்பதால் வேண்டுமென்றே அவற்றை வைத்திருக்கிறேன்.

முதலில் நடுப்புள்ளி. நடு என்றாலே சராசரிதான், எனவே கூட்டி இரண்டால் வகுக்கிறோம். எக்ஸுக்கு (−3 + 5) ÷ 2 = 1. ஒய்க்கு (5 − 1) ÷ 2 = 2. நடுப்புள்ளி (1, 2). அவ்வளவுதான்.

அப்புறம் தொலைவு. அ-விலிருந்து கிடையாக வலப்பக்கம் போங்கள், ஆ-வுக்கு நேர் மேலே வந்ததும் நின்று, அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குங்கள். இப்போது அ-வையும் ஆ-வையும் நேராக இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும், நமக்கு வேண்டிய தொலைவு அதன் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம். கிடைப்பக்கம் 5 − (−3) = 8. இதை 2 என்று போட்டுவிடாதீர்கள், கட்டங்களை எண்ணிப் பாருங்கள், எட்டுதான் வரும். செங்குத்துப் பக்கம் −1 − 5 = −6. வர்க்கம் எடுக்கும்போது குறைக்குறி போய்விடும், அதனால் எதிலிருந்து எதைக் கழித்தாலும் கவலையில்லை. பிதாகரஸ் தேற்றப்படி மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும்: 64 + 36 = 100, அதன் வர்க்கமூலம் 10. தொலைவு 10 அலகு.

இங்கே √(64 + 36) என்பதைப் பிரித்து 8 + 6 = 14 என்று எழுதுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. 14 என்பது முக்கோணத்தின் இரண்டு பக்கமும் சுற்றிப் போகும் தூரம், நேர்வழி அதைவிடக் குறைவாகத்தானே இருக்க முடியும்? அதேபோல 8-ஐவிடக் குறைந்தாலும் தவறு.

சரி, விடையை எப்படிச் சரிபார்ப்பது? நடுப்புள்ளியிலிருந்து அ வரை அளந்து பாருங்கள்: பக்கங்கள் 4, 3, எனவே தொலைவு 5. பத்தில் சரிபாதி.

ஒரு முனையையும் நடுப்புள்ளியையும் கொடுத்து மறுமுனையைக் கேட்டாலும் சூத்திரம் வேண்டாம். அ-விலிருந்து நடுப்புள்ளிக்கு வர எக்ஸில் 4 கூடியது, ஒய்யில் 3 குறைந்தது, அதே நகர்வை (1, 2)-லிருந்து இன்னொருமுறை செய்தால் (5, −1) வந்துவிடுகிறது.

இனி (1, 2), (3, 5) இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள். நடுப்புள்ளி (2, 3.5), தொலைவு √13 என்று வர வேண்டும். தசமத்தில் கேட்காதவரை √13 என்றே விட்டுவிடுங்கள், அதுதான் துல்லியமான விடை.