வீட்டில் ஒருவருக்கு பாக்டீரியா தொற்று: மற்றவர்களுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பாக்டீரியா தொற்று என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "இது ஒட்டிக்கொள்ளுமா?" என்றுதான். எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் பதில் இதற்குக் கிடையாது. டெட்டனஸ் கிருமி மண்ணிலிருந்து காயத்துக்குள் போவது. நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பவருக்கு அது வராது. சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கூட இருப்பவரைத் தொற்றுவதில்லை. கக்குவான் இருமலோ, தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 17 பேர் வரை பரவக்கூடியது. அதனால் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: கிருமியின் பெயர் என்ன, உடம்பிலிருந்து எந்த வழியாக வெளியேறுகிறது, எத்தனை நாள் வெளியேறும். அந்த வழியை அடைத்தால் போதும். வீட்டையே கழுவிக் களைத்துப்போக வேண்டியதில்லை.

சளி, எச்சில், மூச்சு

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்று எச்சில், மூக்குச்சளித் துளிகளால் பரவும். கிருமி புகுந்த 2 முதல் 5 நாளில் அறிகுறி தெரியும். அந்த இடைவெளியில் வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை வலித்தால் உடனே காட்டுங்கள். சரியான ஆன்டிபயாடிக் தொடங்கி 12 முதல் 24 மணி நேரத்தில் தொற்றும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். அதோடு காய்ச்சலும் விட்டிருந்தால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். பலரும் சறுக்குவது இங்கேதான்: பள்ளிக்குப் போகலாம் என்றால் மருந்தை நிறுத்தலாம் என்று பொருளல்ல. பென்சிலினோ அமாக்சிசிலினோ வழக்கமாக 10 நாள் தரப்படுகிறது. இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுப்பது அந்த முழு அளவுதான்.

கக்குவான் இருமலில் ஆபத்தான காலம் கண்ணுக்குத் தெரியாமல் கழிந்துவிடுகிறது. முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரண ஜலதோஷம் போலத்தான் இருக்கும். அதிகம் தொற்றுவதும் அப்போதுதான். மருந்து தொடங்கி 5 நாள் முடியும்வரை தனித்திருக்க வேண்டும். மருந்து இல்லாவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து 3 வாரம். கைக்குழந்தை இருக்கும் வீடானால் காத்திருக்கவே கூடாது. பச்சிளம் குழந்தைக்கு இருமலே வராமல் மூச்சு நின்று நின்று வரலாம். வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று அன்றே கேளுங்கள்.

காசநோய் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுவது. ஜன்னலைத் திறந்து வைப்பதும், நோயாளி முகக்கவசம் போடுவதும், வேறு அறையில் படுப்பதும் பயன் தரும். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்குவதால் ஒரு பயனும் இல்லை, நோயாளியின் மனம்தான் புண்படும். நுரையீரல், குரல்வளைக் காசநோய்தான் பிறருக்குப் பரவும். எலும்பிலோ நிணநீர்க் கணுவிலோ மட்டும் இருந்தால் பொதுவாகப் பரவாது.

மலம், கை, தண்ணீர்

ஷிகெல்லா வயிற்றுப்போக்குக்கு 10 முதல் 100 கிருமிகள் உள்ளே போனாலே போதும். நகக்கண்ணில் ஒட்டியதே தாராளம். காலரா வர வழக்கமாக மிகப் பெரிய அளவில் கிருமிகள் தேவை. அதனால்தான் அது பெரும்பாலும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுகிறது, ஷிகெல்லாவோ கைக்குக் கை தாவுகிறது. டைபாய்டு வந்தவர் காய்ச்சல் விட்ட பிறகும் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். சிலருக்குப் பித்தப்பையில் தங்கி ஓராண்டைத் தாண்டியும் தொடரும். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம்.

கை கழுவுவதில் விட்டுப்போகும் இடங்கள் கட்டைவிரல், விரல் நுனி, நகக்கண். கையை நனைத்து, சோப்பு நுரையோடு 20 விநாடி தேயுங்கள். கட்டைவிரலை மறு கையால் பிடித்துச் சுழற்றுங்கள். விரல் நுனிகளை உள்ளங்கையில் உரசுங்கள். பிறகு கட்டாயம் துடைத்து உலர்த்துங்கள், ஈரக்கையில் கிருமி எளிதில் ஒட்டி இடம் மாறும். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். அழுக்கான கையில் அது சரியாக வேலை செய்யாது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரக்கூடிய சி. டிஃபிசில் என்னும் கிருமியின் வயிற்றுப்போக்கில் வெளியேறும், கடினமான உறை கொண்ட விதைத்துகள்களையும் (ஸ்போர்) அது கொல்லாது. அங்கே சோப்பும் தண்ணீரும்தான்.

வாந்தி, மலம் பட்ட தரைக்கு: கையுறை போட்டு முதலில் காகிதத்தால் வழித்து எடுங்கள், சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கு மீதிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு 5 சதவீத ஹைப்போகுளோரைட் திரவத்தில் (ப்ளீச்) 20 மில்லியை எடுத்து, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 1 லிட்டராக்கி, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி ஊற்றுங்கள். பாட்டிலில் உள்ள சதவீதம் வேறானால் அளவும் மாறும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள். கழிப்பறை ஆசிட்டோடும் அமோனியாவோடும் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

தோல்

மூக்கு, வாயைச் சுற்றித் தேன் நிறப் பொருக்கு கட்டும் இம்பெட்டிகோவும், சீழ்க் கட்டிகளும் தொடுவதாலும் துண்டு, ரேசர் போன்றவற்றைப் பகிர்வதாலும் பரவும். புண்ணை உலர்ந்த கட்டால் முழுவதும் மூடுங்கள். கழற்றிய கட்டைப் பையில் போட்டு முடிந்த கையோடு கை கழுவுங்கள். துணியை 60 டிகிரியில் துவைத்து முழுக்க உலர்த்துங்கள். கட்டியை வீட்டில் பிதுக்காதீர்கள், சீழ் உள்ளே ஆழமாகவும் பரவும், வெளியேயும் சிந்தும். இம்பெட்டிகோவில் மருந்து தொடங்கி 24 மணி நேரமோ, புண்கள் முழுக்கக் காய்ந்து ஆறுவதோ எது முந்தியோ, அதுவரை எச்சரிக்கை வேண்டும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பம், அல்லது கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். எல்லா அறிகுறியும் சேரட்டும் என்று பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். உறுதியானால், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் முத்தம் போல எச்சில் தொடர்பு உள்ளவர்களுக்கும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் தரப்படும். வாசலில் நின்று பேசிவிட்டுப் போனவருக்கு அது தேவைப்படாது.