ஊரில் போட்ட ஊசி ஒன்ராறியோவில் தானாகப் பதிவாகாது

ஊரில் தொற்று வந்தால் சுகாதாரத் துறை வாசலுக்கு வரும். கோவிட் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு தேடி வந்து, தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். சென்னையில் மாநகராட்சி ஊழியர்கள் தெருத்தெருவாக வந்து காய்ச்சல் பார்த்தார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படி எதிர்பார்த்து இருந்துவிடாதீர்கள். அறிவித்தல் வெளியாகும், அழைக்க ஓர் இலக்கம் தருவார்கள். அதன் பிறகு தேடிப் போக வேண்டியது நீங்கள்தான்.

முதலில், எந்த அலுவலகத்தின் அறிவித்தல் உங்களுக்குரியது என்று பாருங்கள். மத்திய அரசும் மாகாணமும் பெரிய விதிகளைப் போடும். அன்றாடம் உங்களைத் தொடுவது உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவு. ஸ்காபரோவும் நோர்த் யோர்க்கும் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் கீழ் வரும். மார்க்கம், றிச்மண்ட் ஹில் என்றால் யோர்க் பிராந்தியம். ஏஜாக்ஸ், பிக்கறிங் என்றால் டூரம். பிராம்ப்ரன், மிசிசாகா என்றால் பீல். தபால் குறியீடு 'எம்' எழுத்தில் தொடங்கினால் ரொறன்ரோ. 'எல்' என்றால் நகரத்தின் பெயரைப் பார்த்தே சொல்ல முடியும்.

இந்த எல்லை காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. உள்ளரங்குகளில் முகக்கவசம் ரொறன்ரோவில் 2020 ஜூலை 7 அன்று கட்டாயமானது. ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால் மார்க்கத்தில் ஜூலை 17 அன்றுதான். நவம்பர் 23 அன்று ரொறன்ரோவும் பீலும் முடக்கப்பட்டபோது யோர்க்கில் கடைகள் திறந்தே இருந்தன. அங்கே முடக்கம் டிசம்பர் 14 அன்று வந்தது. 2021 ஏப்ரலில், தொற்று மிகுந்த தபால் குறியீடுகளில் 18 வயது முடிந்தவர்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டார்கள். வேறு பிரிவின் செய்தியை வாட்ஸ்அப்பில் வாங்கி வரிசையில் நின்றவர்கள் திரும்பித்தான் போனார்கள்.

அறிவித்தலில் உள்ள தொற்று எண்ணிக்கையையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2021 டிசம்பர் 31 முதல் பிசிஆர் பரிசோதனை பெரும்பாலும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்பவர்களுக்கும் என்று சுருக்கப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை குறைந்ததற்குத் தொற்று குறைந்தது என்று பொருள் இல்லை. கழிவுநீர் அளவையும் மருத்துவமனை அனுமதிகளையும் பார்ப்பதே சரி.

ஹெல்த் காட் (மாகாண மருத்துவக் காப்பு அட்டை) எடுப்பது நேரான வேலை. குடிவரவு நிலை, முகவரி, அடையாளம் ஆகிய மூன்றுக்கும் மூல ஆவணங்களோடு சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை நிலையத்துக்குப் போங்கள். முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு இப்போது இல்லை. வீடு மாறினால் 30 நாட்களுக்குள் முகவரியை மாற்றிவிடுங்கள். பேஸ்மென்ட் மாறி பேஸ்மென்ட் போகும் முதல் வருடத்தில் பலர் விடுவது இதைத்தான்.

எங்கள் ஆட்கள் அதிகம் அடிபட்ட இடம் வேறு. 2021இல் விமானத்தில் வந்தவர்கள் தடுப்பூசிச் சான்றை அரைவ்கான் செயலியில் ஏற்றினார்கள். விமான நிலையத்தில் ஒப்புக்கொண்டார்கள், கதை முடிந்தது என்று நினைத்தார்கள். அரைவ்கான் மத்திய அரசின் எல்லைக் கணக்கு. அது மாகாணத்தின் தடுப்பூசிப் பதிவேட்டுக்குப் போகவில்லை. செப்டெம்பர் 22 முதல் உணவகத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சான்று கேட்டார்கள். இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் ஒன்ராறியோவின் கியூஆர் சான்று இறங்கவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் அவர்கள் ஊசியே போடாதவர்கள். வெளிநாட்டு ஊசியை உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவிடம் நாமே கொடுத்துப் பதிய வேண்டும். இதைத் தெளிவாக முன்னால் சொல்லாமல் எட்டாம் பக்கத்துக் கேள்வி-பதிலில் போட்டால், புதிதாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்? கோவிஷீல்டு போட்டவர்கள் பதிந்தால் போதுமாக இருந்தது. சீனத் தயாரிப்பான சினோபாம் போட்டவர்களுக்கு மேலும் ஓர் எம்ஆர்என்ஏ ஊசி தேவைப்பட்டது.

பதியப் போனவர்களும் இரண்டு இடத்தில் சிக்கினார்கள். ஒன்று பெயர். ஊர் அட்டையில் முன்னெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிவாக, ஹெல்த் காட்டில் இரண்டும் இடம் மாறி. கணினிக்கு அவர்கள் மூன்று ஆட்கள். பதியும்போது ஹெல்த் காட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவது திகதி. 04/07/2021 என்பது நமக்கு ஜூலை 4, இங்கே பலருக்கு ஏப்ரல் 7. திகதி புரண்டால் ஊசிகளுக்கு இடையிலான இடைவெளி போதாது என்று ஒன்றைக் கழித்துவிடுவார்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

அரைவ்கான் கட்டாயம் போய்விட்டது, பதிவேட்டுப் பொறி போகவில்லை. இன்று அதில் விழுவது பிள்ளைகள். பள்ளியில் சேர்க்கும்போது தடுப்பூசி விவரத்தை உள்ளூர்ப் பிரிவுக்குப் பெற்றோர்தான் தெரிவிக்க வேண்டும். குடும்ப மருத்துவர் ஊசி போட்டாலும் அவர் அனுப்புவார் என்று இருக்கக் கூடாது. விவரம் குறைந்தால் கடிதம் வரும். பதில் இல்லையென்றால் 20 பள்ளி நாட்கள் வரை இடைநிறுத்த முடியும்.

இங்கே கணக்கு எப்படி என்றால், தட்டம்மை (சின்னமுத்து), பொன்னுக்குவீங்கி (கூகைக்கட்டு) இரண்டுக்கும் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட இரண்டு ஊசிகள் வேண்டும். இலங்கையில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவார்கள். 9 மாத ஊசி இங்கே கணக்கில் வராது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் போடுவது எம்ஆர், அதில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்தே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் இரண்டு தரம் போட வேண்டிவரும், நடுவில் குறைந்தது 4 வாரம். 2010இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசியும் வேண்டும். இரு நாட்டு அரச அட்டவணையிலும் அது இல்லை. மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஊசியையும் கேட்பார்கள். 2024 பிற்பகுதியில் தொடங்கி ஒன்ராறியோவில் 2,000க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை வந்தது. வகுப்பில் ஒருவருக்கு வந்தால், ஊசிப் பதிவில்லாத பிள்ளையை 21 நாட்கள் வரை வீட்டில் நிறுத்துவார்கள்.

ஆகவே புறப்படும் முன் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையோ தாய்-சேய் அட்டையையோ ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். தமிழில் அல்லது சிங்களத்தில் மட்டும் எழுதிய பக்கத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எடுங்கள். வந்த முதல் மாதத்திலேயே குடும்ப மருத்துவரிடமோ முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்கிலோ விடுபட்ட ஊசியைப் போட்டு, அந்தச் சீட்டை உங்கள் பிரிவின் இணையப் பதிவில் ஏற்றுங்கள். ஹெல்த் காட் இலக்கம் இன்னும் வரவில்லை என்றால் தொலைபேசியில் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஏற்றி இரண்டு வாரம் கழித்து மறுபடி உள்ளே போய், எல்லா ஊசிகளும் சரியான திகதியோடு நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.