ஒரு நிமிடச் செய்தி ரீல் தயாரிப்பது எப்படி?

இளைஞர்களில் பலர் செய்தியைத் தேடிப் போவதில்லை. இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டே போகையில் அது குறுக்கே வருகிறது. முக்கியமாகப் பட்டால் டவுன்லோடு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய கேப்ஷன் அதோடு போகாது. அதனால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதை வீடியோவுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். இதைக் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

மழை விடுமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் விடுமுறை அறிவிப்பார். "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று மட்டும் போட்டால், அடுத்த ஆண்டு மழைக்கும் அதே வீடியோ சுற்றும். பெற்றோர் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். எந்த மாவட்டம், கிழமையோடு முழுத் தேதி, பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா, அறிவித்தது யார் என்ற நான்கும் முதல் நொடியிலிருந்து கடைசி வரை திரையில் நிற்கட்டும். பழைய வெள்ளக் காட்சியைச் சேர்த்தால் அதன் மேலேயே "கோப்புக் காட்சி" என்று ஆண்டோடு போடுங்கள்.

முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்கு 100 சொல் போதும். வணக்கம், அறிமுகம் எதுவும் வேண்டாம். முதல் வாக்கியமே செய்தி.

போனை நிமிர்த்திப் பிடித்து 1080×1920 அளவில் எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் திரையில் பட்டை பட்டையாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம்; கேமரா ஆப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் அடங்கும். வெளியே எடுக்கும்போது காலர் மைக்குக்குப் பஞ்சு உறை அவசியம்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். திரையின் அடியில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். கணக்கின் பெயரும் கேப்ஷனும் அங்கே வந்து எழுத்தை மறைக்கும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பட்டன்கள் இருக்கும். தானாக வரும் தமிழ் சப்டைட்டிலில் ஊர்ப் பெயர்களும் ன, ண வேறுபாடும் அடிக்கடி தவறும், ஒவ்வொரு வரியையும் கையால் திருத்துங்கள். சில எடிட்டிங் ஆப்களில் கொம்பு தனியே பிரிந்து நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்.

வெளியிட்ட ரீலின் வீடியோவை மாற்ற முடியாது, கேப்ஷனைத்தான் திருத்தலாம். எழுத்துப் பிழைக்கு அதுவும், மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்த ஒரு கமெண்ட்டும் போதும். தேதியோ மாவட்டமோ தப்பானால் நீக்கிவிட்டு, எது தவறு, எது சரி என்று திரையிலேயே காட்டும் திருத்த வீடியோவைப் போடுங்கள். பழையது எந்தெந்தக் குழுக்களுக்குப் போனது என்று தெரிந்தால் இதையும் அங்கே அனுப்புங்கள்.