எண் மாறாமல் நெட்வொர்க் மாற: போர்ட்டிங் சொற்களும் படிகளும்

வீட்டுக்குள் சிக்னலே எட்டாத ஒரு போஸ்ட்பெய்டு எண்ணை அண்மையில் வேறு நிறுவனத்துக்கு மாற்றி முடித்தேன். வேலை அதிகமில்லை. ஆனால் வழியில் வரும் எஸ்.எம்.எஸ்.களும் கவுன்டரில் பேசுபவர்களும் யூ.பி.சி., எல்.எஸ்.ஏ., டோனர் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அந்தச் சொற்கள் பிடிபட்டால், யார் தடுத்தாலும் விதி என்ன என்று நாமே கேட்கலாம். அதனால் ஒவ்வொரு சொல்லையும் அது வரும் படியிலேயே விளக்குகிறேன்.

டோனர் என்பது எண் இப்போது இருக்கும் நிறுவனம். ரெசிப்பியன்ட் என்பது நாம் போகும் நிறுவனம். விதிகளை வகுப்பது டிராய், அதாவது 1997-இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். எண் மாறாமல் நிறுவனம் மாறும் இந்த வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது.

படி 1: எண்ணுக்குத் தகுதி இருக்கிறதா?

இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். அப்பா பெயரில் வாங்கிய சிம்மைப் பல வருடமாக நீங்களே பயன்படுத்தினாலும் அப்பாதான் வர வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் பாதியில் நின்றால், அது முடியும்வரை போர்ட் நடக்காது.

சிம் தொலைந்தோ பழுதாகியோ மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் காத்திருங்கள். இது 2024 ஜூலை 1 முதல் உள்ள விதி. நமக்குத் தெரியாமல் நம் எண்ணுக்கு மாற்று சிம் எடுத்து, உடனே போர்ட் செய்து, வங்கி ஓ.டி.பி.யைப் பிடிக்கும் மோசடியைத் தடுக்கக் கொண்டுவந்தது. கொஞ்சம் இடைஞ்சல்தான், ஆனாலும் தேவையான விதி.

படி 2: பாக்கி

ப்ரீபெய்டு என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். மிச்சமிருக்கும் பேலன்ஸ் புதிய நிறுவனத்துக்கு வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

போஸ்ட்பெய்டில் எனக்கு இங்கேதான் நின்றுபோனது. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், "இந்த மாத பில் இன்னும் போடவில்லை சார், அது வந்து கட்டிய பிறகுதான் போர்ட் பண்ண முடியும்" என்றார்கள். இப்படிக் காத்திருந்தால் முடிவே கிடையாது. ஒரு பில் கட்டியதும் அடுத்த மாதக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். விதி பார்ப்பது வழக்கமான சுற்றில் ஏற்கெனவே வெளிவந்த பில்லை மட்டும்தான். பில்லாகாத தொகையைக் காட்டி மறுக்க முடியாது. ஆகவே கடைசியாக வந்த பில்லை, கெடு இருந்தாலும், முழுதாகக் கட்டிவிட்டு ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் அதைத்தான் செய்தேன், போர்ட் செய்யத் தேவையான குறியீடான யூ.பி.சி. உடனே வந்தது.

அப்புறம், போர்ட் ஆன பிறகு பழைய நிறுவனத்திடமிருந்து இறுதி பில் வரும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டாவிட்டால், புதிய நிறுவனத்தில் ஓடும் எண்ணையே துண்டிக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

படி 3: 1900-க்கு எஸ்.எம்.எஸ்.

ஆங்கிலத்தில் போர்ட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து, அதே எண்ணிலிருந்து 1900-க்கு அனுப்புங்கள். (ஜம்மு காஷ்மீர் ப்ரீபெய்டு எண்கள் என்றால் 1900-ஐ அழைக்க வேண்டும்.) பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடக் குறியீடு ஒன்று வரும். அதுதான் யூ.பி.சி. 2019 டிசம்பர் 16 முதல், நிபந்தனைகளைச் சரிபார்த்த பிறகே இது உருவாகிறது. ஆகவே தகுதி இல்லையென்றால் இந்தக் கட்டத்திலேயே காரணத்தோடு பதில் வந்துவிடும். ஆயுள் 4 நாள். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் 30 நாள்.

யூ.பி.சி.யை வீட்டிலிருந்தே எடுத்துவைப்பதை நான் விரும்புவதில்லை. கடை வாசலில் நின்று அனுப்பினால் நாள் வீணாகாது. குறியீட்டைப் போனில் கேட்கும் யாருக்கும் சொல்லவே கூடாது.

படி 4: புதிய சிம்

யூ.பி.சி.யைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து விண்ணப்பித்து, புதிய சிம் வாங்க வேண்டும். இதற்குச் சாலையோரக் குடைக்கடையைவிட நிறுவனத்தின் சொந்த ஷோரூமே நல்லது. ஏதாவது சிக்கினால் திரும்பிப் போய்க் கேட்க அங்கே ஒரு மேசை இருக்கும். மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் கேன்சல் என்று ஆங்கிலத்தில் எழுதி, எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பலாம்.

படி 5: காத்திருப்பு

எல்.எஸ்.ஏ. என்பது உரிமச் சேவைப் பகுதி, நாம் சர்க்கிள் என்கிறோமே அதுதான். நாட்டில் 22 இருக்கின்றன. சென்னையும் தமிழ்நாடும் இப்போது ஒரே பகுதி, ஆகவே மதுரைக்காரர் சென்னையில் போர்ட் செய்தாலும் உள்பகுதிக் கணக்குதான்: 3 வேலைநாள். பெங்களூருக்குக் குடிபோய் அங்கே மாற்றினால் 5 வேலைநாள். சர்க்கிள் தாண்டும் இந்த வசதி 2015 ஜூலை 3-இல்தான் வந்தது.

மாறும் நேரம் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போடுங்கள். இடையில் சில மணி நேரம் இரண்டுமே வேலை செய்யாமல் போகலாம், அந்த நேரத்தில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பின்சேர்க்கை 1: "என் பேக்கில் எஸ்.எம்.எஸ்.ஸே இல்லை, 1900-க்குப் போகவில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்த பேக்கில் இருந்தாலும் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதியைத் தர வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மறுத்தால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்குங்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

பின்சேர்க்கை 2: போர்ட் ஆன பிறகும் ரீசார்ஜ் செயலி பழைய நிறுவனத்தையே காட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்துச் செயலி ஊகிப்பதால் இப்படி நடக்கும். பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பெயரைக் கையால் மாற்றித் தேர்ந்தெடுங்கள்.