நியூ ஜெர்சி தீர்ப்பை வைத்து டெக்சாஸில் பணம் வசூலிப்பது எப்படி?

நியூ ஜெர்சியில் உள்ள எடிசன் ஊரில் எங்கள் சமையலறை வேலைக்கு முன்பணம் வாங்கிய கான்ட்ராக்டர், வேலையை முடிக்காமல் டெக்சாஸுக்குக் குடிபோய்விட்டார். தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை அப்படியே டெக்சாஸ் பேங்க்கில் காட்டிப் பணம் வாங்க முடியாது. அங்கே ஒரு கோர்ட்டில் பதிய வேண்டும். கையில் ஏற்கெனவே தீர்ப்பு இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

1. சொத்து எங்கே இருக்கிறது?

காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள். டெக்சாஸில் இப்படிப்பட்ட கடனுக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. குடியிருக்கும் வீட்டிலும் கைவைக்க முடியாது. மிஞ்சுவது பேங்க் கணக்கு, வாடகைக்கு விட்ட வீடு, காலி மனை இவைதான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் நிலபுலன் விவரம் இலவசமாகவே வரும். காசு வாங்கி ஆள் தேடித் தரும் தளங்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதைவிட நீங்கள் கொடுத்த பழைய செக் உதவும். உங்கள் பேங்க் தளத்தில் அதன் பின்பக்கப் படத்தைத் திறந்து பாருங்கள். எந்த பேங்க்கில் போட்டார் என்பது பெரும்பாலும் அதில் பதிந்திருக்கும்.

2. நகல் வாங்குவது

பலருக்கு வேலை நின்றுபோகும் இடம் இது. எனக்கும் இங்கேதான் நின்றது. தீர்ப்பின் சாதாரண சீல் வைத்த நகல் போதாது. தீர்ப்பு கொடுத்த நியூ ஜெர்சி கோர்ட்டின் கவுன்ட்டரில் ‘எக்ஸெம்ப்ளிஃபைட் காப்பி’ என்று கேளுங்கள். ‘டிரிப்பிள் சீல்’ என்றாலும் புரியும். நகல் சரியானது என்று கிளார்க் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து முறைப்படி உள்ளது என்று நீதிபதி சான்று தருவார். பிறகு அந்த நீதிபதிக்கே கிளார்க் திரும்பச் சான்றளிப்பார். மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டு செட் வாங்குவது நல்லது. ஸ்கேன் எடுப்பதற்காக ஸ்டேப்பிளைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். துளை தெரிந்தால் தாளை மாற்றிவிட்டீர்களோ என்ற கேள்வி வரும்.

3. டெக்சாஸில் பதிவு

அவர் இருக்கும் கவுண்டியின் கோர்ட் கிளார்க்கிடம் நகலையும் ஒரு அஃபிடவிட்டையும் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) கொடுங்கள். அஃபிடவிட்டில் இருவர் பெயரும், கடைசியாகத் தெரிந்த விலாசமும் இருக்க வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்ய ‘ஈஃபைல் டெக்சாஸ்’ தளம் இருக்கிறது. வக்கீல் வைக்காதவர்களுக்கு அது கட்டாயமில்லை. நான் தபாலைத்தான் விரும்புவேன், சீல் வைத்த தாளே நேராகப் போய்ச் சேரும். எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். கிளார்க் அனுப்புவார், நீங்களே அனுப்பினால் அதற்கான ஆதாரத்தைத் தாக்கல் செய்யுங்கள்.

4. 30 நாள்

பதிந்த நாளிலிருந்து உங்கள் தீர்ப்பு டெக்சாஸ் தீர்ப்பு மாதிரிதான். 30 நாளுக்குள் அவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் வேலை நன்றாகத்தான் செய்தேன், பணம் பாக்கி இல்லை என்றெல்லாம் வழக்கை மறுபடி கிளற முடியாது. 1908-இல் வந்த ஃபான்டில்ராய் வழக்கில், மிசிசிப்பியில் சட்டவிரோதமான ஒரு பருத்திச் சூதாட்டக் கடனுக்கு மிசௌரி கோர்ட் கொடுத்த தீர்ப்பைக்கூட மிசிசிப்பி ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றுதான்: எனக்குச் சம்மனே வரவில்லை என்ற வாதம். அவர் கோர்ட்டுக்கு வராமல் தீர்ப்பு வாங்கியிருந்தால், சம்மன் அவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைத் தயாராக வைத்திருங்கள்.

5. வசூல்

முதலில் டெக்சாஸ் கோர்ட் கிளார்க்கிடம் ‘ஆப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ (தீர்ப்பின் சுருக்கம்) வாங்கி, நிலம் உள்ள கவுண்டியில் பதியுங்கள். செலவு குறைவு; குடியிருக்கும் வீடு தவிர மற்ற நிலத்தின் மேல் உங்கள் பாக்கி ஏறிவிடும், அதைத் தீர்க்காமல் சிக்கலின்றி விற்க முடியாது. பேங்க் கணக்கை முடக்குவதற்குத் தனி மனு வேண்டும். அதற்கு மட்டும் உள்ளூர் வக்கீலைப் பிடியுங்கள், அந்தக் காசு வீண்போகாது.

பின்சேர்க்கை: எதிராளி கலிஃபோர்னியாவில் இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அங்கே நடைமுறை வேறு. ஈஜே-105 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்திலும் பிடிக்கலாம். இன்னொருவர் பழைய தீர்ப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். நியூ ஜெர்சியில் அது 20 வருஷம் செல்லும். ஆனால் டெக்சாஸில் 10 வருஷம் குடியிருந்துவிட்டவர் மீது, 10 வருஷம் தாண்டிய தீர்ப்பைக் கொண்டுபோக முடியாது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.