காலையில விரல் மடங்கலையா? சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸோட ஒரு நாள ஓட்டுறது எப்படி

ஆவின் பாக்கெட்ட வெட்டலாம்னு கத்தரிக்கோல் எடுத்தா அந்த ஓட்டைக்குள்ள கட்டைவிரல் போகாது, அப்படி வீங்கியிருக்கும், சரின்னு பல்லால கடிச்சுப் பிச்சு பால் காய்ச்சுன நாள் எத்தனையோ. எனக்கு இது வந்து 7 வருஷம் ஆச்சு. சென்னை பெரம்பூர்ல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வேலைக்கும் போறேன். டாக்டர் மருந்து எழுதித் தருவாங்க, ஆனா மாவு எப்படி அரைக்கிறது, பஸ்ல எப்படி ஏறுறதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க, அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல இது அதுதானான்னு பாருங்க. நம்ம ஊர்ல மூட்டு வலின்னா உடனே சிக்குன்குனியா வந்துச்சா, யூரிக் ஆசிட் பாத்தியான்னுதான் கேப்பாங்க. எனக்கு ரெண்டு வருஷம் அப்படியே போச்சு, ஒரு கிளினிக்ல வெறும் வலி மாத்திரையா குடுத்துட்டே இருந்தாங்க, ஒருத்தரும் என் தலையையோ நகத்தையோ பாக்கல. தலையில இருந்தத பொடுகுன்னு நானும் நெனச்சிட்டேன், அது சோரியாசிஸ், தோல் தடிச்சு செதில் செதிலா உதிர்ற வியாதி. சோரியாசிஸ் இருக்கவங்கள்ல 100க்கு 30 பேர் வரைக்கும் மூட்டுக்கும் வரலாம், உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலையும் மூட்டையும் தாக்குறதுதான் காரணம். பெரும்பாலும் தோல்ல வந்து பல வருஷம் கழிச்சுதான் மூட்டுக்கு வரும், சிலருக்கு மூட்டுல மொதல்ல வரும். நகத்துல குண்டூசியால குத்துன மாதிரி குழி குழியா இருக்கா, நகம் சதைய விட்டுத் தூக்கிக்குதா, விரல் ஒண்ணு அடியிலேர்ந்து நுனி வரைக்கும் மொத்தமா வீங்குதா, குதிகால் வலிக்குதா, காலையில அரை மணி நேரத்துக்கு மேல மூட்டு பிடிச்சுக்கிட்டு நடமாடுனா விடுதா, இதெல்லாம் பாருங்க. மூட்டு வாதத்துக்கு எடுக்குற ஆர்ஏ ஃபேக்டர் ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா ஒண்ணுமில்லன்னு விட்டுடாதீங்க, இந்த வியாதிக்கு அது பெரும்பாலும் நெகட்டிவாதான் வரும், உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற ஈஎஸ்ஆர் டெஸ்ட் கூட சிலருக்கு நார்மலா இருக்கும். போக வேண்டியது ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு வாத டாக்டர் கிட்ட. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல அரசு பொது மருத்துவமனையில, அதான் ஜிஹெச்ல, இதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, காசு இல்லன்னு தள்ளிப் போடாதீங்க, மூட்டு அரிச்சுப் போச்சுன்னா அது திரும்ப வராது.

சரி, காலை. அலாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி வைங்க, எழுந்திரிக்கிறதுக்கு இல்ல, உடம்ப எழுப்புறதுக்கு. படுத்தபடியே கணுக்கால சுத்துங்க, விரல மெதுவா மூடித் திறங்க. எழுந்து வெறுங்கால தரையில வைக்காதீங்க, டைல்ஸ்ல குதிகால் பட்டா ஆணி மேல வெச்ச மாதிரி இருக்கும், கட்டிலுக்குக் கீழயே எம்சிஆர்னு சொல்ற மெத்து ரப்பர் செருப்பு ஒண்ணு வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னு வெச்சுக்கோங்க. வெதுவெதுன்னு தண்ணியில கைய ஒரு பத்து நிமிஷம் வெச்சிருந்தா பிடிப்பு விடும். ஆனா மூட்டு செவந்து சூடா இருந்தா ஐஸ் ஒத்தடம்தான், துணியில சுத்தித்தான் வைக்கணும், நேரா தோல்ல வைக்காதீங்க.

சமையல்கட்டுல ஒரே விதி, விரலால பண்ற வேலைய உள்ளங்கைக்கு மாத்துங்க, கையால தூக்குறத தோளுக்கோ சக்கரத்துக்கோ மாத்துங்க. மூடி திறக்க ரப்பர் துணிய போட்டு உள்ளங்கையால அழுத்தித் திருப்புங்க. கிரைண்டர்ல கல்ல தூக்கி எடுக்கிறத நான் நிறுத்திட்டேன், சாய்க்கிற மாடல் வாங்கினோம், அதுலயும் மாவ வழிக்கிறது என் பையன்தான். தேங்காய துருவி விக்கிறாங்க, வாங்குங்க, அதுல குற்ற உணர்ச்சியே வேண்டாம். குடத்துல தண்ணி புடிக்கிறவங்க ரெண்டு சின்ன வாளியா பிரிச்சுக்கோங்க. துணிய முறுக்கிப் பிழியாதீங்க, குழாய் மேல போட்டு வடிய விடுங்க. கத்தியில கை வெட்டிக்காம பாத்துக்கோங்க, சிலருக்கு அடிபட்ட எடத்துலயே புதுசா சோரியாசிஸ் கிளம்பும், எனக்கு அப்பளம் பொரிக்கிறப்ப எண்ணெ தெறிச்ச எடத்துல வந்துச்சு.

மெட்டி விஷயத்த தனியா சொல்லணும். கால் விரல் வீங்க ஆரம்பிச்சப்ப கழட்டலாமா, அத்தை என்ன சொல்லுவாங்களோன்னு நாலு நாள் தள்ளிட்டேன், அஞ்சாவது நாள் விரல் நீலமாகி வெள்ளிக் கடைக்கு ஓடி ஆசாரி சின்ன கட்டர வெச்சு வெட்டி எடுத்தாரு, ஒவ்வொரு தடவ கட்டர் படும்போதும் அத்தைதான் என் தோள புடிச்சிட்டிருந்தாங்க, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி"ன்னு அவங்கதான் அழுதாங்க. மோதிரமோ மெட்டியோ, லேசா இறுக்குறப்பவே சோப்பு போட்டு கழட்டிடுங்க.

வெளிய போறது. ஷேர் ஆட்டோவுல குனிஞ்சு ஏறி முட்டிய மடக்கி உக்காந்தா இறங்கும்போது நிமிர முடியாது, மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, வழி ஒத்து வந்தா அதுலயே போங்க. பஸ்ல படியேற நேரமாச்சுன்னா "அண்ணா, கால் முடியல, ஒரு நிமிஷம்"னு கண்டக்டர் கிட்ட சத்தமா சொல்லுங்க, நான் சொல்லி ஒருத்தர் கூட திட்டுனது கிடையாது. ஆபீஸ்ல ஏசி காத்து நேரா கையில படாத சீட்டா கேளுங்க. அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து நடங்க, ஒரே எடத்துல உக்காந்திருந்தாலே பிடிச்சுக்கும். மத்தியானத்துக்கு மேல ஒரு அசதி வரும் பாருங்க, அது தூக்கம் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல, வியாதியோட ஒரு பகுதி, அத வீட்டுல எல்லாருக்கும் ஒரு தடவ உக்கார வெச்சு புரிய வைங்க.

தோல பாத்து தள்ளி உக்காருறவங்க இருப்பாங்க. இது தொத்துற வியாதி இல்ல, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது, இத நேரா சொல்லிடுங்க. மார்கழியில குனிஞ்சு கோலம் போட முடியலன்னு நான் ரொம்ப நாள் ஏங்கியிருக்கேன், இப்ப மகள் போடுறா, நான் ஸ்டூல் போட்டு உக்காந்து எத்தன புள்ளின்னு சொல்றேன்.

மருந்துல கவனம். எதிர்ப்பு சக்திய அடக்குற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை குடுத்திருந்தா அது வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டா ரத்த அணு குறைஞ்சு உயிருக்கே ஆபத்து. தினசரி காலண்டர்ல சனிக்கிழமை தாள்ல எல்லாம் சிவப்புல "மெ" போட்டு வெச்சிருக்கேன், மாத்திரை போட்ட ஒடனே அந்தத் தாள கிழிச்சிருவேன். அதோட சேத்துக் குடுக்குற ஃபோலிக் ஆசிட் விட்டமின் எந்த நாள்னு டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க, ரத்தமும் ஈரலும் சொன்ன தேதியில டெஸ்ட் பண்ணுங்க, குடிக்கிறவங்க நிறுத்தணும், குழந்தை பிளான் பண்றவங்க முன்னாடியே சொல்லணும். பேரு இல்லாத பொடி, லேபிள் இல்லாத மாத்திரை வேண்டவே வேண்டாம், சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், திடீர்னு விட்டா தோல் மொத்தமா கிளம்பும். எதிர்ப்பு சக்தியில குறிப்பிட்ட ஒரு பகுதிய மட்டும் தடுக்குற பயாலஜிக் ஊசின்னா முதல்ல டிபி டெஸ்ட் பண்ணுவாங்க. அந்த ஊசி ஃபிரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனப்ப என் ஊசி ஃபிரிட்ஜ்லயே மாட்டிக்கிச்சு, ரெண்டு நாள் கழிச்சு கரண்ட் வந்ததும் போட்டுக்கலாம்னு இருந்தேன், நல்ல வேளை மொதல்ல போன் பண்ணி கேட்டேன், போடாதீங்கன்னுட்டாங்க. கண்ணு செவந்து வெளிச்சம் பாத்தா கூசுச்சுன்னா சொட்டு மருந்து வாங்கி விட்டுக்காம அன்னைக்கே கண் டாக்டர் கிட்ட போங்க, இந்த வியாதி கண்ணுலயும் வரும்.

கடைசியா டாக்டர் கிட்ட போறப்ப. நாம போற அன்னைக்குப் பாத்து வீக்கம் இருக்காது, அதனால வீங்குன அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வைங்க. அதோட "வலிக்குது டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க, நான் நாலு வருஷம் அததான் சொல்லிட்டிருந்தேன், அதே மருந்துதான் வந்துட்டிருந்துச்சு. ஒரு தடவ, "டாக்டர், ஒரு மாசமா என் ஜாக்கெட் கொக்கிய என் வீட்டுக்காரர்தான் போட்டு விடுறாரு"ன்னு சொன்னேன். எழுதிட்டிருந்த பேனாவ கீழ வெச்சுட்டு என் ரெண்டு கையையும் எடுத்து ஒவ்வொரு கணுவா அழுத்திப் பாத்தாங்க, அன்னைக்குதான் மருந்த மாத்துனாங்க.