ஆசை, பேராசை, நப்பாசை: மாற்றி எழுதக்கூடாத சொற்கள்

ஆசைச் சொற்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் முதல் தவறு. சேலத்து மாந்தோப்பில் நின்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மல்கோவா தின்னத் தோன்றினால் ஆசை. ஒரு கூடை போதுமான வீட்டுக்கு நாலு கூடை கேட்டால் பேராசை. வேலிக்கு அந்தப்பக்கம் தொங்கும் பழத்தின் மேல் கண் போனால் வெஃகுதல். திருக்குறளின் 18ஆம் அதிகாரமான வெஃகாமை பிறர் பொருளைப் பற்றியதுதான். தன் பழம் அழுகினாலும் யாருக்கும் தராதவர் உலோபி. வடமொழி லோபம் பேராசையைக் குறிக்கும். தமிழில் உலோபி என்றதும் கஞ்சன்தான் நினைவுக்கு வருவார். ஆகவே அடுத்தவர் நிலத்தை வளைத்தவரை உலோபி என்று எழுதாதீர்கள்.

நப்பாசை பேராசையின் தம்பி அல்ல. ஏற்காட்டில் காபி பூக்கக் கோடை மழை வேண்டும். பருவம் தப்பியும், ஒரு மேகம்கூட இல்லாமலும், 'இன்றைக்குப் பெய்துவிடும்' என்று காத்திருப்பது நப்பாசை. கொழுத்த வட்டிக்கு மயங்கிப் பணம் போடுவது பேராசை. கம்பெனியைப் பூட்டிய பிறகும் அந்தப் பணம் திரும்பும் என்று நினைப்பது நப்பாசை.

ஓசையை வைத்து வேர் சொல்வது இன்னும் பெரிய தவறு. 'நஞ்சு போன்றதால்தான் ஆசைக்கு நச்சுதல் என்று பெயர்' என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும்; ஆனால் அது பிழை. நச்சுதல் என்றால் விரும்புதல். நசை அதன் உறவு. நஞ்சு மற்றொரு சொல்லோடு சேரும்போது நச்சு ஆகிறது, அவ்வளவே. 1008ஆம் குறள் இரண்டையும் அருகருகே வைக்கிறது: 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.' முதல் நச்சு விருப்பம், இரண்டாவது விஷம். எவ்வளவு அழகான இடம்! இரண்டையும் ஒன்றாக்கினால் குறளே குலைந்துபோகும்.

ஆசை வடமொழி ஆசாவிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் நம்பிக்கை, எதிர்பார்ப்பு. திசையைக் குறிக்கும் ஆசையும் உண்டு என்பதால் பழம்பாடல்களில் இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். வேட்கை தமிழ் வேர். விரும்புதல் என்னும் பொருளுள்ள வேள் அதற்கு அடி. தேர்தலில் நிற்கும் வேட்பாளரும் அதே அடியில் பிறந்தவர்தான்.

சேர்த்தெழுதும்போது உயிரெழுத்துக்கு முன் பேர் வரும்: பேராசை, பேரவா, பேராவல். மெய் வந்தால் பெரு: பெருவிருப்பம், பெருவேட்கை. 'பேர்விருப்பம்' பிழை.